ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

1

இந்தக் கதை என் சொந்த யோசனை அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தியேட்டரில் என் அக்கா சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தாள், அங்கிருந்து திருடியது.

படத்தில் போர்முனை மருத்துவமனை. குண்டடி பட்ட சிப்பாயின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ராணுவ டாக்டர் சொல்கிறார்: "உனக்கு ஒண்ணும் ஆகாது. உங்க அம்மா உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க." அரங்கமே மூக்கை உறிஞ்சியது. இருபத்திரண்டு வருடம் ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"என்னக்கா?"

"ரெண்டு கையும் அங்க இருந்தா சலைன் யார்டா ஏத்துவா? நான் எந்திரிச்சுப் போகவா?"

பின்வரிசைக்காரர் "உஷ்" என்றார்.

2

கதையை இப்படித் தொடங்கினேன்:

"அவள் கண்களில் ஆயிரம் சிப்பாய்களின் வலி

அக்கா எட்டிப் பார்த்தாள். "என் கண்ணுல இருக்கிறது பவர் கண்ணாடிடா" என்றாள். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. பாதியில் நிற்பதே அதற்குத் தண்டனை.

"அப்ப அடிபட்டு வர்றவங்ககிட்ட நெஜமா என்னதான் சொல்லுவீங்க?"

"பூட்ஸ் சைஸ் என்னன்னு கேப்போம்."

(நானாகக் கட்டியது என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. அக்காவின் வார்டில் மட்டும் இருந்த வழக்கமாம். காயத்தோடு வருபவரிடம் பெயரைக் கேட்டால், பெயர், பதவி, எண் மூன்றையும் அரை மயக்கத்திலேயே ஒப்பித்துவிடுவார், பயிற்சி அப்படி. நினைவு இருக்கிறதா என்று அதில் தெரியாது. பூட்ஸ் அளவுக்கு ஒரு நொடி யோசிக்க வேண்டும். அந்த நொடிக்காகத்தான் கேள்வி.)

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாயைத் திறந்தால் கிண்டல் பண்ணும் நர்ஸ் என்பது, கையைப் பிடித்து உருகும் டாக்டரைப் போலவே இன்னொரு சினிமாப் பாத்திரம்தானே?

"உன் கேரக்டர் கொஞ்சம் தட்டையா இருக்குக்கா" என்றேன்.

அக்கா படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். மூலையை ஆஸ்பத்திரி மடிப்பாக உள்ளே செருகிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு தடவை தப்பாக் கேட்டுட்டேன்டா."

பதினோரு வருடம் முன்பு. ஒரே காலையில் முப்பது பேர் வந்தார்கள். பன்னிரண்டாவது ஆளின் தலைமாட்டில் நின்று வழக்கம்போல் பூட்ஸ் அளவு கேட்டாள். கேட்ட பிறகுதான் இடது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தாள்.

அவர் ஒரு நொடி யோசித்தார். "ஒம்பது, சிஸ்டர். இனிமே ஒண்ணு போதும்."

"நான் சிரிச்சிட்டேன்" என்றாள் அக்கா. "வாய்விட்டு."

"அவர் சிரிச்சாரா?"

"தெரியலையே. சிரிச்சா எனக்குக் கண்ணு மூடிக்கும்ல. தொறக்கறதுக்குள்ள ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. அங்கருந்து வேற ஆஸ்பத்திரி."

தட்டை என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

4

போன வாரம் அந்த மனிதர் யாரிடமோ அக்காவின் எண் வாங்கிப் போன் செய்திருக்கிறார். "சிஸ்டர், நான் அந்த ஒம்பதாம் நம்பர். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வரலாமா?" அவ்வளவுதான்.

குரலில் இருந்தது கேலியா, கோபமா? அக்கா இரண்டு விதமாகவும் பேசிக் காட்டினாள். இரண்டும் பொருந்தித் தொலைத்தன.

"நீதான் எழுதறவனாச்சே. கதவைத் தொறந்ததும் நான் என்ன சொல்லணும்னு எழுதிக் குடு."

ஒரு மாதமாகக் கதைக்கு முதல் வரி கிடைக்காமல் அலைபவனிடம் கேட்கிறாள். எழுதினேன்.

முதல் முடிவு: அவர் கைகளைப் பற்றி, "என்னை மன்னிச்சிடுங்க தம்பி."

"பின்னாடி வயலின் யாரு வாசிப்பா? நீயா?"

இரண்டாம் முடிவு: "இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"அது டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கேக்கறது."

மூன்றாம் முடிவு: அக்கா மௌனமாக

"நானா? கதைன்னாலும் ஒரு அளவு வேணாமா?"

அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர்மேல் முதன்முறையாக எனக்கு இரக்கம் வந்தது.*

5

ஞாயிறு, மூன்று ஐம்பது. அக்கா வாசல் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டாள். எடுத்தாள். திரும்பப் போட்டாள்.

"போட்டா அவர் காலைப் பத்தியே நெனைச்சிட்டு இருந்த மாதிரி இருக்கு. போடாட்டி நெனைக்கவே இல்லாத மாதிரி இருக்குடா."

"நான் வேணா அதுல உக்காந்துக்கிறேனே."

"நீ சமையலறைக்குப் போ. எட்டிப் பாத்துக் குறிப்பெடுத்தே, கதையும் கெடையாது, டீயும் கெடையாது."

வாசல் மணி அடித்தது. என் தாளை மேசையிலேயே விட்டுவிட்டு அக்கா போனாள். தாழ்ப்பாள் விலகியது. அவள் ஏதோ கேட்டாள். சின்ன வாக்கியம், டீத்தண்ணீர் கொதிக்கும் சத்தத்தில் சொற்கள் பிடிபடவில்லை. ஒரு நொடி அமைதி. ஒருவர் யோசித்துப் பதில் சொல்லத் தேவையான அளவு. ஏதோ பதில். பிறகு சிரிப்பு.

அக்காவின் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் இன்னொரு சிரிப்பும் இருக்கிறதா என்பதுதான் பதினோரு வருடக் கேள்வி. அடுப்பைக் கொஞ்சம் தணித்தால் கேட்டுவிடும். கை குமிழ்மேல்தான் இருக்கிறது. திருகத்தான் தைரியம் வரவில்லை.

நீங்கள் கொஞ்சம் தணித்துக் கேட்டுச் சொல்லுங்களேன்.

---

* இதைப் படித்த அக்கா, "அவருக்கு இரக்கம், எனக்கு ஒரு வரி கெடையாதா?" என்றாள்.