ஒரு கல்லின் எடை

…சின்னக் கல்தானே என்று ஊரே மகிழ்ந்தது, பழைய மன்னர்களின் கல் என்றால் அறுபது பேர் கயிறு கட்டி இழுக்க வேண்டும், இந்த மன்னருக்கு அவசரம், வெறும் மணல்வெளியில் உடனே ஒரு தலைநகரம் எழும்ப வேண்டும், அதனால் ஒரு ஆள் தூக்குகிற அளவுக்குக் கல்லை வெட்டச் சொல்லிவிட்டார், என்ன கருணை என்றார்கள்… ஒரு ஆள் என்றால் எந்த ஆள் என்று யாராவது கேட்டார்களா? தாகாத் குழிக்குள் மண்டியிட்டு மணலை அள்ளி வெளியே போட்டாள். அறுபது பேர் இழுக்கும்போது ஒருத்தி தடுக்கி விழுந்தால் மற்றவர்கள் தாங்கிக்கொள்வார்கள், தனிக் கல்லைச் சுமப்பவளுக்கு யார் இருக்கிறார்கள், மகள் மேரித் கழுத்தைப் பிடித்துக்கொண்டே வந்து சாப்பிடாமல் படுப்பாள், நாளைக்குச் சரியாப்போயிடும்மா என்பாள். அவள் கல் சுமந்து கட்டிய கோயிலில் கூரையில்லாத முற்றம் முழுக்க மேடைகள், மேடை முழுக்க ரொட்டியும் வாத்துக்கறியும், சூரியன் சாப்பிடுமாம், ஈதான் சாப்பிட்டது…

இப்போது அந்த மன்னரும் இல்லை, அரண்மனை ஆட்கள் பழைய தலைநகருக்கே போய்விட்டார்கள், புது மன்னர் கோயிலை இடிக்கச் சொல்லிவிட்டார், கல் சின்னது, இடிப்பதும் சுலபம். கட்டும்போது பிரம்போடு நின்ற மேஸ்திரி நெப்வாதான் இடிக்கும்போதும் நிற்கிறான், அதே பிரம்பு. மேற்குக் கரைக்குக் கல் ஏற்றிப் போகும் கடைசிப் படகு இன்றைக்கு. செத்தவர்களுக்கு மேற்குதானே, சூரியன் அடங்குகிற பக்கம், அந்த மன்னர்தான் எல்லாவற்றையும் மாற்றி இந்தக் கிழக்கில் புதைக்க வைத்தார். எம் பொண்ணையும் ஏத்திக்கோங்கய்யா என்று காலையில் நெப்வாவின் காலைப் பிடித்தாள்.

"உசுரோட இருந்தப்ப ஒரு கல்லு தூக்க அழுதா, இப்ப அவளையே தூக்கணுமா? சரி, ஒரு கல்லு கனத்துக்குள்ள இருந்தா கொண்டா. கூடுச்சுன்னா ஆத்துல வீசிருவேன்."

நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் படகில் இடம் போய்விடுமே…

மேரித்தைச் சுற்றிப் புதைத்த குச்சிப்பாய் தென்பட்டது. அன்றைக்கு வெட்டியான் குழியை மூடவில்லை, இன்னொண்ணு வருது, நீ வேலைக்குப் போ என்று துரத்தினான், அவளும் போனாள். வந்தது யார் என்று தெரியாது, திருடர்கள் வேறு கிளறியிருக்கிறார்கள், இரண்டு மண்டை, எல்லா எலும்பும் கலந்து கிடந்தது. கழுத்தெலும்பைப் பார்த்தால் தெரிந்துவிடும், எம் பிள்ளை கழுத்து நசுங்கிய கழுத்து… தடவிப் பார்த்தாள். இரண்டும் நசுங்கியிருந்தன, ஒன்றுபோலவே, ரொட்டி மாதிரித் தட்டையாக. மேரித், நீ எது?

மண்டை இரண்டையும், எலும்பு அத்தனையையும் துணியில் கட்டித் தலையில் வைத்தாள். அட, இரண்டு பேர் சேர்ந்தும் ஒரு கல்லுக்கு வரவில்லையே… ஏற்றிக்கொள்வான். சரிவில் இறங்கும்போது எதிரே ஒரு பெண் மடித்த துணியோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள், படகு போறதுக்குள்ள எடுத்துரணும் என்றாள்.

"ரெண்டு புள்ளைங்கள ஒண்ணாப் போட்ட குழி எது, அக்கா?"

"இங்க எல்லாமே அப்படித்தான்."

சொல்லிவிட்டு நடந்தாள், நடையை எட்டிப் போட்டாள், பின்னால் அந்தப் பெண் ஒவ்வொரு மேடாக மணலைத் தள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது, ஒரு தடவை திரும்பினால் போதும், கையைக் காட்டினால் போதும்… கழுத்து திரும்பவில்லை. இந்தச் சுமையாலா, இவ்வளவு லேசாக இருக்கிறதே?