அம்மாவின் நாற்காலி இருந்த இடம்

...எட்டு மணி வெயிலுக்கு நீலத் துணி, பத்துக்கு மஞ்சள், பன்னிரண்டுக்குச் சிவப்பு, வெயிலுக்கு அளவெடுக்கும் தையற்காரர் உலகத்திலேயே என் அப்பா ஒருவர்தான், விடுமுறைக்கு வந்த நானோ மூன்று நாளாகத் தோட்டத்தில் மண்டியிட்டு, வெயில் விழும் இடத்திலெல்லாம் வெட்டுத்துணியைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருக்கிறேன், பட்டப்படிப்பு வீண்போகவில்லை. எல்லாம் அம்மா ஆசைப்பட்ட செம்பருத்திக்காக. வருடம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார், முந்தைய இரண்டுக்கும் அவரேதான் சத்தியம் செய்தார், அவை நிழலில் நின்று ஒவ்வோர் இலையாகக் கழற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தன... அம்மா காலித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள், அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை போல.

மூன்று நிறமும் சேர்ந்த இடம் ஒன்றே ஒன்று, ஒரு பாவாடை அகலம், அதில் அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி. இரவெல்லாம் வார்டில் நர்ஸ் வேலை, ஏசியில் விறைத்துப்போய் எட்டு மணிக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் கண்மூடி உட்காரும் அரை மணி நேரம்... “வேற இடம் பாருடா” என்றார் அப்பா. “வேற எங்க வச்சாலும் இதுவும் செத்துடும்பா.” “அங்க ஏற்கெனவே ஒண்ணு நட்டிருக்கே.” ஜோக் அடிக்கிறாரா? முகத்தைப் பார்த்தேன், இல்லை, இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிஜமாகவே கவலைப்பட்டார். அதற்குள் அம்மா வந்துவிட்டாள், துணிகளைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், திருட்டு முழி முழிக்கும் எங்கள் இருவரையும் பார்த்தாள், நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இங்கயும் வெயில் வருதே.” பச்சைப் பொய். அங்கே ஒரு துணிகூடக் கிடையாது. “ஆமா, வருது” என்றார் அப்பா. “நல்லாவே வருதும்மா” என்றேன், மூன்று நாள் ஆராய்ச்சி ஒரே நொடியில் கோவிந்தா. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள், குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

செடியை நட்டோம். அப்பா கை கழுவிவிட்டுத் தையல் அறைக்குப் போய், துணியில் தூசி படியும் என்று பத்து வருடமாகத் திறக்காத கண்ணாடி ஜன்னலைத் திறந்தார், கண்ணாடியில் பட்ட வெயில் எகிறி அம்மாவின் ஷூவில் விழுந்தது, கதவை ஒரு நூல் அளவு திருப்பினார், முழங்கால், இன்னொரு நூல், மடி... “என்னங்க அங்க சத்தம்?” கண் திறக்காமலே கேட்டாள். “ஒண்ணுமில்ல, உள்ள புழுக்கமா இருக்கு.” இரண்டு நிமிடத்தில் வெளிச்சம் நழுவியது, மறுபடி திருப்பினார், அவருக்குப் பின்னால் ஐந்து ரவிக்கை காத்துக்கிடந்தன. “நான் பிடிச்சுக்கிறேன், நீங்க தைங்கப்பா.” மிஷின் ஓடத் தொடங்கியது. நான் ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அம்மாவின் கைகள் மெல்லப் பிரிகின்றன, நாளை எட்டு மணிக்கு எனக்குக் கல்லூரிக்கு பஸ்... எட்டுக்கா? அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?