மணப்பெண் நடக்கிற மெட்டு

பக்கத்தில் வந்து உட்காருங்கள், மக்களே. கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வாருங்கள். அடங்காத ஒரு மெட்டு கல்யாணத்துக்குப் போன கதை, உங்களுக்கென்றே வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையூரணியில் ஜெபசுதா என்று ஒரு கணக்கு டீச்சர். பாட்டுக் கட்டுவதில் பைத்தியம். யாரிடமும் சங்கீதம் படித்தவள் இல்லை. காதில் விழுந்ததுதான் மெட்டு. ஐஸ்காரன் மணிக்கு ஒரு பாட்டு, அம்மன் கொடைத் திருவிழா மேளத்துக்கு ஒன்று, கரண்ட் போனதற்குக்கூட ஒன்று. ஃபேனை அணைத்து, பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே முகத்தை நுழைத்துச் செல்போனில் பதிவாள். உப்பு லாரி இரைச்சலைச் சேலைகள் பாதி குடித்துவிடும்.

மகள் டயானாவுக்குக் கல்யாணம் குறித்தாயிற்று. தேவாலயத்துக்குள் தான் நடந்து வரும்போது அம்மா கட்டிய பாட்டுத்தான் ஒலிக்க வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். வரிகளும் மெட்டும் ஒரே மூச்சில் வந்தன. போட்டுக் கேட்டபோதுதான் ஜெபசுதாவுக்குப் பிடிபட்டது. புருஷன் ஞானதீபத்தை நாசரேத் ஊரில் கல்லறைக்குத் தூக்கிப் போனபோது பாடிய பாட்டின் மெட்டு அது.

அன்று பாடவைத்தவர் பாடகர் குழுத் தலைவர் கிருபாநிதி. இப்போது அவர்தான் சம்பந்தி. கல்யாணத்தில் அடக்கப்பாட்டா என்று அவர் முகம் சுளித்தால், புகுந்த வீட்டில் மகள் முதல் நாளே பேச்சு வாங்க வேண்டிவரும்.

அழித்தாள். கொடை மேளத்தின் தாளத்தில் பாடினாள். மூன்றாவது வரியில் பழையது வந்து உட்கார்ந்துகொண்டது. ஜெபத்தில் பாடும் ஞானப்பாட்டுப் போல இழுத்தாள்; அப்போதும் அதுவே. குழம்பு அடிப்பிடித்தது. பரீட்சைத் தாள் திருத்தும்போதும் கால் அந்தத் தாளத்தையே போட்டது. கடைசியில் கும்மி போடலாமென்று பக்கத்து வீட்டு இசக்கித்தாயைக் கைதட்டக் கூப்பிட்டாள்.

"டீச்சர், பீரோவுக்குள்ள தலைய விட்டுட்டு யாருக்குப் பாடுதிய? பாச்சா உருண்டைக்கா?"

"தட்டுங்க இசக்கி. சிரிப்பும் பதிவாயிரும்."

கும்மி அமைந்தது. ஜெபசுதாவுக்கு மூச்சு வந்தது. டயானா பட்டுச்சேலை கட்டி, அதற்கு நடந்து பார்த்தாள்.

"யம்மா, இந்த வேகத்துல வந்தா நேரா மாப்பிள்ளை மேலதான் போய் விழுவேன்."

"மெதுவா நடயேன் ஏளா."

"பாட்டு ஓடுது, நான் மட்டும் எப்படி நடக்க? முதல்ல பாடுனீங்களே, அது எங்க?"

"அழிச்சிட்டேன்."

"எனக்குத் தெரியும் நீங்க அழிப்பீங்கன்னு. என் போனுக்கு அனுப்பி வச்சிருக்கேன்."

"அது என்ன மெட்டுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாமலா? அப்பா பின்னால நானும்தான அன்னைக்கு நடந்தேன்." டயானா குனிந்து கொசுவத்தைச் சரிசெய்தாள். "கோயிலுக்குள்ள அப்பா கையப் பிடிச்சுத்தான் நான் வந்திருக்கணும். அது இல்லன்னு ஆச்சு. இதாவது இருக்கட்டும்."

"உன் மாமனாருக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியட்டும்."

கல்யாணத்தன்று மகளின் கையை ஜெபசுதாதான் பிடித்து வந்தாள். ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கியதும், முன்னால் பாடகர்களோடு நின்ற கிருபாநிதி சட்டென்று நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். நடந்து முடித்தால் போதும் என்று ஜெபசுதாவின் கால் முந்தியது. டயானா பிடித்து நிறுத்தினாள்.

இரண்டாவது சரணத்தில் பாட்டுக்கு அடியிலிருந்து ஒரு கனத்த குரல் எழும்பியது. அடக்கத்தன்று பாடிய அதே கீழ்க்குரலை, இந்த வரிகள் தெரியாததால் வாய் மூடி, கிருபாநிதி இழைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். அவர் ஜெபசுதாவைப் பார்த்தார். குழுவுக்குக் காட்டுவது போலவே கையைத் தாழ்த்தி, மெதுவாக வாருங்கள் என்று காட்டினார்.

மெதுவாகவே போனார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், மக்களே. பெரியவர்களுக்கு நல்ல தூக்கம் வரட்டும். வந்தவர்க்கெல்லாம் போட உங்கள் பானையில் சோறு இருக்கட்டும்.