ஒன்பது மணித் திருத்தம்

மேலிருந்து இறங்கும் ஒளியின் அதிர்வெண்ணைப் பூமியின் ஈர்ப்பு ஒரு துளி கூட்டிவிடும். அதை அளக்கத்தான் ஆய்வாளர் வைஜெயந்தி மூன்று வருடம் மல்லுக்கட்டி, போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டுக்கு மேலே முந்நூற்றெண்பது மீட்டர் உயர மலையில் அணுக்கடிகாரம் ஒன்றை வைத்தாள். அதன் துடிப்பு ஒளியிழை வழியாகக் கீழே வந்து, போர்ட் பிளேர் ஆய்வகத்திலிருக்கும் ஜோடிக் கடிகாரத்தோடு ஒப்பிடப்படும். கணக்குப்படி மலைக் கடிகாரம் நாளுக்கு மூன்றரை நானோ விநாடி முந்த வேண்டும்.

மெயின்லேண்டிலிருந்து வந்த ஆய்வகத் தலைவர் இராமகிருஷ்ணன் ஒரு விதியையும் கூடவே கொண்டுவந்திருந்தார். தினமும் காலை ஒன்பதுக்கு மலைக் கடிகாரத்தைக் கீழே உள்ளதோடு சரிசெய்து, திருத்திய அளவைப் பதிவேட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அளக்க வந்ததையே துடைத்துப்போடும் புத்திசாலித்தனம். வைஜெயந்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், அவர் மசியவில்லை.

பத்து நாள் கழித்துக் கடிகாரத்தை இறக்கச் சொன்னார். மூன்று நாள் கீழே ஓடியது. நான்காம் நாள், தினமும் திருத்த வேண்டியிருந்ததால் கடிகாரம் பழுது, நாளைக் கப்பலில் சென்னைக்குப் போகட்டும் என்று எழுதி நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது.

பதிவேட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். மலையில் பத்து நாளும் மூன்று, நான்கு, நான்கு, மூன்று நானோ விநாடி என்று ஒரே பக்கமாகத் திருத்தம். கீழே மூன்று நாளும் பூஜ்யம். வரிக்கு வரி அவர் கையெழுத்து.

"மேல இருந்தா பழுது, கீழ வந்தா சரியாயிடுது. அப்படி ஒரு பழுது உண்டா சார்?"

ஃபெர்ரியில் குலுங்கியிருக்கும் என்றார்.

"போனதும் ஃபெர்ரி, வந்ததும் ஃபெர்ரி. போறப்போ குலுங்கிக் கெட்டது, வர்றப்போ குலுங்கி நல்லாயிடுச்சா?"

கையெழுத்துப் போடாவிட்டால் மெமோ கொடுப்பதாகச் சொன்னார்.

"குடுங்க சார். உங்க பத்துக் கையெழுத்தையும் அதோட சேர்த்து அனுப்புங்க. நீங்க தொடைக்கச் சொன்னதெல்லாம் அதுலதான் இருக்கு."

அவர் பதிவேட்டை வெகுநேரம் புரட்டினார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். மலைக்குத் திரும்பக் கொண்டுபோ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது போதும்.

மதியம் சாத்தாம் துறையில் பாம்பூஃப்ளாட் ஃபெர்ரி ஏறினாள். பேட்டரியோடு கடிகாரப் பெட்டி பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் பதிவேட்டைப் பிரித்து, அடுத்த பத்து நாளுக்கும் ஒன்பது மணிக் கட்டத்தில் இப்போதே எழுதினாள்: திருத்தம் இல்லை.