குதிரை இல்லாத குதிரைப்படை

வேலம்மா மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம் மலையேறி வந்து ஆளைக் கூப்பிட்டால் அது நல்ல சேதியாக இருந்ததே இல்லை. கூடையைக்கூட இறக்காமல் அவர் பின்னால் ஓடினாள்.

ஆபீஸ் மேசையில் கனத்த புத்தகம் ஒன்று விரிந்து கிடந்தது. வெள்ளைக்காரக் கர்னல் ஒருவர் எழுதி, தோட்டத்துத் துரைக்கு அனுப்பியிருந்த, குதிரைப்படையின் யுத்த வரலாறு.

“சண்டையில குதிரைப்படைக்கு வண்டி தள்ளினேன்னு உன் புருஷன் தங்கையா சொல்லுவானே, பொய் இல்ல லா. குதிரைய எடுத்துட்டு இரும்பு வண்டி குடுத்திருக்கான். பேர மட்டும் மாத்தல,” என்றார் கிராணி.

குதிரையே இல்லாமல் குதிரைப்படையா என்று முப்பத்தெட்டு வருடமாகத் தோட்டத்து லயமே தங்கையாவை ஓட்டியது. வேலம்மாவும் சேர்ந்துதான் சிரித்திருக்கிறாள்.

கிராணி காட்டிய படத்தில் ஆற்றுச் சேற்றில் சிக்கிய கவச வண்டி. மேலே ஒரு பட்டாளத்துத் துரை, மடியில் நாய். பின்னால் சட்டையில்லாத ஆறு பேர் குனிந்து தள்ளினார்கள். முதுகுகள் மட்டும் தெரிந்தன. இரண்டாவது முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, வெற்றிலை அளவுக்குத் தழும்பு. சின்ன வயதில் கஞ்சிக் கொப்பரை சாய்ந்த தழும்பு அது. முப்பது வருடம் எண்ணெய் தேய்த்த கைக்கு அந்த முதுகு தெரியாதா?

“இது அவருதான் கிராணி ஐயா.”

“துரை பேரு போட்டிருக்கு. நாய் பேரும் போட்டிருக்கு. தள்ளினவங்க பேரு இல்ல. ஆனா நாப்பத்தொண்ணு டிசம்பர்னு போட்டிருக்கு. அது போதும்.”

வேலம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. தங்கையாவுக்கு இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். வெள்ளிக்கிழமை வேலை பர்மிட் முடிகிறது. சண்டைக் காலத்திலேயே இந்த நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி காட்டினால் குடிமக்களுக்கான நீல அட்டை. காட்டாவிட்டால் வேலையும் போய்விடும், லயத்து வீடும் போய்விடும்.

மறுநாள் காலை மூவரும் திரிங்காப்பிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லோரியில் ஏறி டவுனுக்குப் போனார்கள். வேலம்மா புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

“நாய் பேரு என்னவாம்?” என்றார் தங்கையா. வழியெல்லாம் அவருக்கு ஒரே சிரிப்பு.

“பேசாம வாங்க. சட்டை பொத்தான மட்டும் சட்டுனு கழட்டற மாதிரி போட்டுக்குங்க.”

அடையாள அட்டை ஆபீசில் அவர்கள் முறை வந்தது. வேலம்மா படத்தை விரித்து இரண்டாவது முதுகில் விரலை வைத்தாள். தங்கையா திரும்பி நின்று சட்டையைத் தோள்வரை தூக்கினார். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு தழும்பும் ஒன்றுதான், யாருக்கும் சந்தேகம் வராது.

அதிகாரி படத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். மலாயில் ஏதோ சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

“மூஞ்சி இல்லையாம்,” என்றார் கிராணி மெல்ல. “மூஞ்சியும் பேரும் இருந்தாத்தான் அத்தாட்சியாம்.”

அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். தங்கையா சுவரைப் பார்த்தபடி, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நல்லா தெரியுதா வேலம்மா?” என்று கேட்டார்.