நெல்லூருக்கு இரண்டு டிக்கெட்

“கோவிந்தா! கோ…விந்தா!”

விடிந்தும் விடியாத நேரத்தில் தெருவில் எழுந்த அந்தக் கூச்சலில், செங்கல்வராயன் கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டான். கதவைத் திறந்தான். நெற்றி நிறைய நாமத்தோடு அவனுடைய அப்பா நாராயணசாமி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தலையில் ஒரு மூட்டையும் இடுப்பில் ஒரு மூட்டையுமாக ருக்மணி அத்தை. அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டு முனிரத்தினம், தோளில் தூங்கும் மகனோடு.

“இன்னாடா முழிக்கிற?” என்றாள் அத்தை. “திருப்பதிக்குப் போறவன் எங்கள உட்டுட்டு ஓடிடலாம்னு பாத்தியா?”

“இல்ல அத்த… நடக்கணும், உனக்கு முட்டி வலி…”

“நடக்க வைக்கிறது பெருமாள் வேல. நீ பஸ்ஸ மட்டும் காட்டு.”

செங்கல்வராயன் திரும்பிப் பார்த்தான். அவன் மனைவி சுலோசனா புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, இரண்டு பேருக்கான புளிச்சோற்றைச் சின்னத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போய் அந்தத் தூக்கை வைத்துவிட்டு, அடுப்பை மறுபடி மூட்டினாள். அரைமணி நேரம் கழித்துப் பெரிய தூக்கோடு வந்தாள்.

விஷயம் இதுதான்: அவர்கள் திருப்பதிக்குப் புறப்படவே இல்லை. நெல்லூருக்குப் புறப்பட்டிருந்தார்கள். அதுவும் மீன் குழம்பு சாப்பிட!

சித்தூர் பக்கத்துக் குடிபாலாவில் அந்த வீட்டுக்கு சுலோசனா மருமகளாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. இது வேண்டும், அது வேண்டும் என்று ஒரு நாள் கேட்டவள் இல்லை. வீட்டில் எந்நேரமும் கூட்டம். பகலில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் ருக்மணி அத்தைக்கு எங்கிருந்தோ இருமல் வந்துவிடும். கொஞ்ச நாளாகவே சுலோசனா சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால், “பசிக்கல மாமா” என்பாள். அத்தோடு சரி.

மாசியில் வெல்லம் ஏற்றிய வண்டியைச் சித்தூர் மண்டிக்கு ஓட்டிப் போனபோது, அத்தைக்குக் கண் காட்ட வேண்டும் என்று பெண்களும் கூட வந்தார்கள். அத்தை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். சுலோசனா மூட்டைக்குக் காவலாக பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். வெல்லத்தை எடைபோட்டுவிட்டு வந்த செங்கல்வராயன் பார்த்தபோது, அவள் ஒரு கண்டக்டரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டர் கையை நீட்டி நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக் கிணற்றடியில் குடத்தைத் தூக்கிவிடும் சாக்கில் அவன் அருகே போனபோதுதான் அவள் கேட்டாள்.

“மாமா, நெல்லூர் மீன் கொழம்பு துன்னணும் போல இருக்குது.”

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நெல்லூரா?”

“ஆமா. புளியும் மாங்காயும் போட்டு வெப்பாங்களாம். அங்கியே போய்த் துன்னாதான் ருசியாம்.”

மூன்று வருஷத்தில் ஒரே ஒரு ஆசை. இதைக்கூடச் செய்யாவிட்டால் தான் என்ன ஆம்பிளை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. வேலியோரத்துப் புளியை விற்ற காசைத் தனியாக எடுத்து வைத்தான். மாடு மேய்க்கும்போதும் மடை திருப்பும்போதும் இதே யோசனை. கட்டுச்சோறு எடுத்துக்கொண்டால் போகிற வழிக்குச் செலவில்லை. திருப்பதியில் சத்திரத்தில் படுத்துக்கொண்டால் அதுவும் சும்மா. காலையில் நெல்லூர் பஸ். அங்கே ஒரு வேளை மட்டும் காசு கொடுத்து, இரண்டு இலை போடச் சொல்லி, வயிறாரச் சாப்பிட்டுத் திரும்ப வேண்டியது.

கிணற்றடியில் கிடைக்கிற நேரத்தில் திட்டத்தைத் துண்டு துண்டாக அவளிடம் சொல்வான்.

“பஸ்ஸுல எவ்ளோ நேரம் ஆவும் மாமா?” என்பாள் அவள்.

“போவும், பாதி நாளு. பயப்படாத. வாந்தி வந்தா எலுமிச்சம்பழம் இருக்குது.”

“ரெண்டு பேர் குந்தற சீட்டு இருக்குமா?”

“இருக்கும். ஆனா மீனு காலீலயே போனாத்தான் கெடைக்குமாம்…”

சித்திரையில் நாள் குறித்தான். ஆனால் வீட்டில் என்னவென்று சொல்வது? பெண்டாட்டியை ஓட்டலில் சாப்பிட வைக்க பஸ் ஏறிப் போகிறேன் என்றால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அதிலும் நெல்லூர்! சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு போன நாளிலிருந்து, நாராயணசாமி நெல்லூர் அரிசியை வாசற்படி தாண்ட விட்டதில்லை. எல்லைக் கிளர்ச்சியில் கலந்துகொண்டவர் அவர். போலீஸார் காலையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய், மாலையில் காட்பாடி ரோட்டில் இறக்கிவிட்டுவிட்டார்கள். அதையே ‘நான் ஜெயிலுக்குப் போனப்போ’ என்றுதான் சொல்வார்.

ஆகவே செங்கல்வராயன் யோசித்து யோசித்து, “திருப்பதிக்குப் போய்ட்டு வரோம் நைனா” என்று சொல்லிவைத்தான்.

அங்கேதான் சறுக்கினான். வேலூருக்கு என்று சொல்லியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். திருப்பதி என்று வாயால் சொன்ன பிறகு, அந்த ஊரில் யாரும் யாரையும் தடுக்க முடியாது. ‘நானும் வரேன்’ என்பவர்களை ‘வராதே’ என்று சொல்வது பெருமாளையே வராதே என்று சொல்வதற்குச் சமம். அன்றைக்கே அத்தை மீன் சட்டியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றினாள். தெருவில் ஒவ்வொருவராக வந்து, காணிக்கைக் காசை மஞ்சள் துணியில் முடிந்து அவன் கையில் கொடுத்தார்கள். கடன் தீரணும், கால்வலி போகணும், பொண்ணுக்கு மாப்பிள்ளை வரணும். மறுக்க முடியுமா? வாங்கி வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

அப்போதும் அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் எங்கேயாவது ஒரு சந்து கிடைக்காதா?

சித்தூரில் பஸ் ஏறினார்கள். இரண்டு பேர் உட்காரும் சீட்டு ஒன்று காலியாக இருந்தது. சுலோசனா அதன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தூக்கை வைத்து அவனைப் பார்த்தாள். அவன் இரண்டு அடி வைப்பதற்குள் ருக்மணி அத்தை தூக்கை நகர்த்திவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“பொம்பளைங்க முன்னாடி. நீ பின்னாடி போய் நைனாகூட குந்துடா.”

முனிரத்தினத்தின் மகனும் சுலோசனாவின் மடிக்கு வந்து சேர்ந்தான். செங்கல்வராயன் கடைசி சீட்டில், டயருக்கு மேலே, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தான். வழியெல்லாம் அவன் கண்ணில் பட்டது அவளுடைய பின்னங்கொண்டையும், அதில் ஒவ்வொன்றாக உதிரும் பூவும்தான். குழந்தை பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது.

“போர்டெல்லாம் தெலுங்குல எழுதிட்டா ஊரு அவனுதாயிடுமா?” என்று அப்பா வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். “திருப்பதி நம்பளது. எல்லைக் கமிட்டி வரட்டும். நான் ஜெயிலுக்குப் போனப்போ…”

திருப்பதியில் இறங்கியபோது, எதிரிலேயே ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. “நெல்லூரு, நெல்லூரு, நெல்லூரு! தொரகா எக்கண்டி!” என்று, சீக்கிரம் ஏறச் சொல்லித் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தான் கண்டக்டர்.

அத்தை மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா யாரிடமோ வழி கேட்டுக்கொண்டிருந்தார். சுலோசனா அவனைப் பார்த்தாள். அந்த பஸ்ஸையும் பார்த்தாள். எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தால் போதும், ஏறிவிடலாம். ஏறிவிட்டு அப்புறம் அடி வாங்கிக்கொள்ளலாம்.

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். இடுப்பில் காசு கலகலத்தது. ஊருடைய கடனும் கால்வலியும் கல்யாணமும் அங்கே முடிந்து கிடந்தன. அதையெல்லாம் கட்டிக்கொண்டு மீன் சாப்பிடப் போவதா? அவன் கால் அங்கேயே நின்றுவிட்டது.

“ரைட்!” என்றான் கண்டக்டர். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. சுலோசனா முந்தானையால் குழந்தையின் மூக்கை மூடினாள்.

“ஏண்டி, ஊர் தெரியாத பஸ்ஸ இன்னா அப்டி பாக்கற? வா, அலிபிரிக்கு நடக்கணும்” என்று அத்தை அவளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அலிபிரியில் மலைப்படி ஏறத் தொடங்கியபோது அத்தையின் இரண்டு மூட்டைகளும் அவன் தலைக்கு வந்திருந்தன. மேலே போய்ச் சேர்ந்ததும் அப்பா அவன் தோளில் கைபோட்டார்.

“தலமுடிய குடுத்துடுடா.”

“எதுக்கு நைனா? எனக்கு வேண்டுதலே இல்லியே!”

“எனக்கு இருக்குது. சித்தூரு மதராஸோட சேந்தா முடி தரேன்னு வேண்டிக்கினேன்.”

“இன்னும் சேரலியே!”

“முன்னாடியே குடுத்துட்டா பெருமாளுக்கு ஞாபகம் இருக்கும்.”

“வேண்டிக்கினது நீதானே? உன் முடிய குடு!”

நாராயணசாமி தலைத்துண்டை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது. “எங்க இருக்குது குடுக்க?”

முனிரத்தினம் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதது. செங்கல்வராயன் தலை குனிந்து உட்கார்ந்தான். குழந்தைக்கு ஒரு மொட்டை, அவனுக்கு ஒரு மொட்டை. இரண்டுக்கும் சந்தனம் தடவியது ருக்மணி அத்தை.

மறுநாள் கீழே இறங்கியதும், சித்தூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இனி நெல்லூர் நடக்காது. பெருமாளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வழியில் எங்கும் தங்காமல் நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் திருப்பதியிலேயே ஒரு நெல்லூர்க்காரர் கடை இல்லாமலா போகும்? பாவம் வந்தால் தனக்கு வரட்டும். சுலோசனாவின் நாக்கில் ஒரு துளி பட்டால் போதும். பீடி வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு, காலித் தூக்கோடு ரயில்வே லைன் பக்கம் ஓடினான்.

கடை இருந்தது. புளியும் மாங்காயும் கொதிக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வழவழவென்ற மொட்டை, கலையாத சந்தனம், நெற்றியில் முழ நீள நாமம், கையில் தூக்கு.

“இன்னா நைனா வேணும்?”

“மீன் கொழம்பு. ரெண்டே ரெண்டு துண்டு.”

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அய்யய்யோ! மொட்டகூட காயலியேய்யா! நான் கட நடத்தணுமா வேணாமா? போய்யா, போ.”

“எனக்கு இல்லீங்க. என் சம்சாரம் ஆசப்பட்டு…”

“அந்தம்மாவும் சாமி பாத்துட்டுதானே வந்துது? வீட்டுக்குப் போய்த் துன்ன சொல்லு.” சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “ஒரு டீ வேணா குடிச்சிட்டுப் போ. காசு வேணாம்.”

அடுத்த கடைக்காரன் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே “கோவிந்தா” என்று கும்பிட்டான். அதற்கப்புறம் எந்தக் கடையிலும் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினான். எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்குத் தண்ணீர் பிடிக்க வந்த சுலோசனா மட்டும் குழாயடியில் நின்றிருந்தாள். இந்த இரண்டு நாளில் அவள் பக்கத்தில் யாரும் இல்லாத முதல் இடம் அதுதான்.

அவன் காலித் தூக்கைக் காட்டினான்.

“கெடைக்கல புள்ள. மொட்டயப் பாத்துட்டு ஒருத்தனும் தர மாட்டேங்கறான். நீ மூணு வருசத்துல கேட்டது இது ஒண்ணுதான். அதுவும் என்னால முடியல.”

அவள் அவனுடைய மொட்டையைப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே கண்ணும் கலங்கியது.

“சுலோசனா! பஸ்ஸ எடுக்கறான், வாடி! உனக்கு சீட்டு புடிச்சு வெச்சிருக்கேன்!” ஜன்னல் வழியாக அத்தையின் குரல் வந்தது.

அவள் குழாயை மூடினாள். அவன் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டு, அத்தைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“மீனுக்கு இன்னா மாமா, நம்ம ஏரியில இல்லாத மீனா? அன்னிக்கு சித்தூர்ல அந்தக் கண்டக்டர்கிட்ட, பஸ்ஸு போற ஊருலியே எது ரொம்ப தூரம்னு கேட்டேன். நெல்லூர்னான்.”