கைகளுக்கான வரி

இந்துமதியின் மகன் ஸ்ரீரங்குக்குக் காய்ச்சல். விளக்கு வைத்ததும், தலை முதல் பாதம் வரை ராமனைக் காவலுக்கு அழைக்கும் ராமரட்சைத் துதியைச் சொல்ல மருமகள் மிருண்மயி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்துமதிக்கு வயிறு எரிந்தது.

"நேத்து வந்தவ நீ. தள்ளு, பெத்த ஆயி நான் சொல்றேன்."

மிருண்மயி எழுந்து கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

இந்துமதி மகனின் அங்கங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். கண்களைக் கோசலையின் மகன் காக்கட்டும் என்ற இடத்தில் குரலை உயர்த்தி மருமகளை முறைத்தாள். தாய்க்குப் பிறகுதானடி யாரும்!

தோள் முடிந்து கைகள் வந்தன. கைகளைக் காப்பவன் சீதையின் கணவன். போர்வையை விலக்கினாள். மகனின் இரண்டு கைகளும் மிருண்மயியின் கையைப் பொத்திப் பிடித்திருந்தன.

அந்த வரியை அப்படியே விழுங்கிவிட்டு நெஞ்சுக்குத் தாவினாள் இந்துமதி.

"ஆயி," என்றான் ஸ்ரீரங், கண்ணைத் திறக்காமலே. "ஒரு வரி விட்டுட்டியே."